ஈயமும் செம்பும் ஓர் இடுப்பெலும்பும்

நாரின், செப்டம்பர் 12

சம்பந்தி ஜெஸ்பெக் அவர்களுக்கு,

நேற்று மாலை நான்கு மணிக்கு எங்கள் வீட்டில் குடும்பக் கூட்டம் கூடி, வருங்காலத் தலைமுறைகளையும் கட்டுப்படுத்தக்கூடிய ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது என்பதை முறைப்படி தெரிவித்துக்கொள்கிறேன். இனி எங்கள் வீட்டார் எங்கு வேட்டைக் கறி சாப்பிட உட்கார்ந்தாலும், அந்த விலங்கு எந்த வகைக் குண்டால் செத்தது என்று முதலில் கேட்க வேண்டும். மென்முனை ஈயக் குண்டு என்று பதில் வந்தால் உட்காரக் கூடாது. நானும் என் மனைவியும் ஆதரவாகக் கை தூக்கினோம். என் மைத்துனர் மம்பெத் தூங்கிக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய கை நாற்காலியின் முதுகுமேல் ஏற்கெனவே தூக்கியபடி இருந்ததால் அதையும் சேர்த்துக்கொண்டேன். ஆகவே தீர்மானம் ஏகமனதானது.

தீர்மானத்தின் இரண்டாவது பகுதி உங்களைப் பற்றியது. செப்டம்பர் 3ஆம் தேதி விருந்தில் நடந்ததற்கு நீங்கள் நேரில் வந்து விளக்கம் சொல்லும்வரை என் மகள் அய்ஜர்கின் எங்களோடு இருப்பாள். அவளுக்கு வாக்குரிமை கொடுக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் உங்கள் வீட்டைச் சேர்ந்தவள் என்பதால் அது முறையாகாது.

நடந்ததைப் பதிவுக்காக எழுதுகிறேன். என் மகள் கர்ப்பமாக இருப்பதைக் கொண்டாட நீங்களே ஒரு மலைக்கிடாவைச் சுட்டு விருந்து வைத்தீர்கள். பத்து நாள் தாய்வீட்டில் இருக்க அவளை அழைத்துப்போக நானும் வந்திருந்தேன். பதினேழு பேர் உட்கார்ந்திருந்தோம். பெண் கொடுத்த சம்பந்திக்கு இடுப்பெலும்பு வைக்க வேண்டும் என்பது நாரினில் கழுதைக்கும் தெரியும். என் தட்டில் தோள்பட்டை எலும்பு வந்தது. என் பக்கத்தில் இருந்த கால்நடை மருத்துவர் என் தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு மரியாதையாகச் சன்னலைப் பார்த்தார். இடுப்பெலும்பு எங்கே என்று கேட்டதற்கு நீங்கள், "அது நொறுங்கிப்போச்சு சம்பந்தி, தட்டுல வைக்கிற மாதிரி இல்ல" என்றீர்கள்.

முப்பத்தொரு வருடம் பௌதிகம் கற்பித்தவனுக்கு இதில் புதிர் எதுவும் இல்லை. ஈயம் மென்மையானது. எலும்பில் பட்டதும் உதிரும், ஒவ்வொரு துணுக்கும் தனித்தனியாகத் தன் வேலையைச் செய்யும். அதனால்தான் போன வசந்தத்தில் உங்களுக்கு இருபது செம்புத் தோட்டாக்களைப் பரிசாகக் கொடுத்தேன். முழுச் செம்பு உடையாது. முனை நான்கு இதழாக விரியும், துளைக்கும், போகும். அவை உங்கள் அலமாரியில் நலமாக இருக்கும் என நம்புகிறேன். ஜெஸ் என்றால் செம்பு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெயரில் செம்பை வைத்துக்கொண்டு துப்பாக்கியில் ஈயத்தை வைக்கிறீர்கள்.

துர்தகுன்


கரா-தாலா மேல்முகாம், செப்டம்பர் 20

சம்பந்தி,

உங்கள் கடிதம் மாவு மூட்டைகளோடு வந்தது. லாரிக்கார ஷாகிர் வழியிலேயே படித்துவிட்டான். "தீர்மானம் நல்லா எழுதியிருக்கார்ணே" என்றான். நான் இதை நான்காவது தடவையாக எழுதுகிறேன். உட்கார்ந்தால் குதிரை கனைக்கிறது, எழுந்தால் ஒன்றுமில்லை. மறுபடி உட்கார்ந்தால் வேட்டைக்கு வந்திருக்கும் ஜெர்மன்காரர் கூடாரத்துக்கு வெளியே வந்து வானத்தைப் பார்த்து என்னிடம் பருவநிலை கேட்கிறார். எனக்கு எப்படித் தெரியும்?

இந்த மலையில் இருபத்தாறு வருடமாக வெளிநாட்டுக்காரர்களுக்கு வழிகாட்டுகிறேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு குண்டோடு வருகிறார்கள். ஒவ்வொருவரும் தன் குண்டைப் பற்றித் தன் பெண்டாட்டியைவிட அதிகம் பேசுகிறார்கள். செம்பை நானும் பார்த்திருக்கிறேன். கிட்டத்தில் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் நானூறு மீட்டரில் வேகம் செத்த பிறகு அதற்கு விரிய மனசு வராது. விலாவுக்குள் நுழைந்து விலா வழியாக வெளியே போகும், ஊசி போட்ட மாதிரி. போன வருடம் ஒரு கிடா அப்படி வாங்கிக்கொண்டு, டிக்கெட் கேட்ட கண்டக்டரைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்துவிட்டு நடந்து போனது. மூன்று மணி நேரம் தேடினோம். ஈயம் அப்படியில்லை. இருநூறு மீட்டரில் விலாவில் பட்டால் அங்கேயே உட்காரும். ஐம்பது மீட்டரில் ஈயத்தால் சுடுகிறவன் மடையன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விருந்துக்கு எதில் சுட்டேன் என்று நீங்கள் என்னைக் கேட்கவேயில்லை. இப்போது நானாகச் சொல்லப்போவதும் இல்லை. சில விஷயங்களைச் சொன்னால் மரியாதை கெடும். உங்களுக்குப் புரியாவிட்டால் இருக்கட்டும்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். டாக்டர் நவம்பர் நடுவில் பிரசவம் என்றார். கோக்-பெல் கணவாய் அக்டோபர் கடைசிக்கு மேல் தாங்காது. பனி மூடினால் திறப்பது ஏப்ரல்தான். என் முதல் பேரக்குழந்தை என் வீட்டில் பிறக்க வேண்டும். முதல் சட்டை தைக்க என் பழைய வெள்ளைச் சட்டையை என் பெண்டாட்டி சைரா துவைத்து வைத்திருக்கிறாள். பிள்ளைக்குப் போடுமுன் சட்டையை நாய்க்குப் போட வேண்டுமல்லவா, அதற்காக ஆக்தோஷைக் குளிப்பாட்டினேன். வேட்டை நாய் சம்பந்தி, அதைக் குளிப்பாட்டியதில் என் கையில் இரண்டு பல் பதிந்திருக்கிறது. சைரா ஒரு நாளைக்கு மூன்று தடவை சாலைக்குப் போய்ப் பார்க்கிறாள். மருமகளின் சிவப்புக் கெண்டியை வேறு யாரையும் தொடவிடுவதில்லை. தேநீர் இப்போது அலுமினியப் பாத்திரத்தில்தான், அலுமினிய ருசியோடு.

சீசன் முடியும்வரை நான் இறங்க முடியாது. மகன் குபாத்தை அனுப்புகிறேன். அவன் பெண்டாட்டியை அவனோடு அனுப்புங்கள்.

ஜெஸ்பெக்


நாரின், அக்டோபர் 1

சம்பந்தி அவர்களுக்கு,

மாப்பிள்ளை குபாத் 27ஆம் தேதி வந்து சேர்ந்தார். தேநீர், ரொட்டி, பாலாடை கொடுத்து, இயக்க ஆற்றல் என்றால் என்ன என்பதை இரண்டு மணி நேரம் விளக்கினேன். "சரிங்க மாமா" என்று பதினான்கு தடவை சொன்னார். பிறகு ஷாகிர் லாரியிலேயே திருப்பி அனுப்பினேன். தீர்மானத்தில் உங்கள் பெயர்தான் இருக்கிறது, அவர் பெயர் இல்லை.

நீங்கள் அனுபவம் என்கிறீர்கள். நான் அளவீடு என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மம்பெத்தின் உருளைக்கிழங்கு வயலில் சோதனை நடத்தினேன். பதினெட்டு வருடமாகச் சேர்த்த செய்தித்தாள்களை இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, கட்டுக் கட்டாக அடுக்கி, நூறு மீட்டரிலிருந்து சுட்டோம். சுட்டது மம்பெத். எனக்குத் தோள் வலி. பள்ளிக்கூடத் தராசில் நிறுத்தேன். ஈயக் குண்டு பதின்மூன்று கிராமாக உள்ளே போனது, ஏழு புள்ளி ஒன்பது கிராமாகக் கிடைத்தது. மிச்ச ஐந்து கிராம் வரவுசெலவுத் திட்ட உரைக்கும் கால்பந்து முடிவுகளுக்கும் இடையே பரவியிருந்தது. செம்பு பதினொன்று புள்ளி ஏழாகப் போய், பதினொன்று புள்ளி ஆறாக வந்தது, நாலு இதழும் அழகாக விரிந்து. இதை ஒரு கிடாவின் இடுப்பாக நினைத்துப் பாருங்கள்.

எதில் சுட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை என்கிறீர்கள். கேட்டேன், உங்களிடம் அல்ல. அன்று தோள்பட்டை எலும்பு என் முன்னால் ஆறிக்கொண்டிருந்தபோது, தேநீர் கொண்டுவந்த என் மகளிடம் தாழ்ந்த குரலில் கேட்டேன்: "எதுலம்மா சுட்டாரு உங்க மாமா?" அவள் உங்கள் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "சிவப்புலப்பா" என்றாள். மென்முனை ஈயத் தோட்டா சிவப்பு அட்டைப்பெட்டியில்தான் வருகிறது. எங்கள் வீட்டில் அதைச் சிவப்பு என்றுதான் சொல்வோம். அந்தக் கணத்தில்தான் எழுந்து கோட்டு மாட்டிக்கொண்டு மகளோடு கிளம்பினேன். சாட்சி உங்கள் மருமகளே. இனி மரியாதை என்று மறைப்பதில் அர்த்தமில்லை.

அவள் நலம். லாரிச் சத்தம் கேட்டால் பால்கனிக்குப் போகிறாள். லாரி இல்லாதபோதும் போகிறாள். என்னாலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அது தோள் வலியால்.

துர்தகுன்


கரா-தாலா மேல்முகாம், அக்டோபர் 10

சம்பந்தி,

உங்கள் கடிதத்தைக் குதிரைமேல் உட்கார்ந்து படித்தேன். "சிவப்புலப்பா" என்ற இடத்தில் நான் போட்ட சிரிப்பில் குதிரை மிரண்டு, நான் கீழே கிடந்தேன். குபாத் ஓடிவந்தான். "அப்பா, யாராவது செத்துட்டாங்களா?" "இன்னும் இல்லடா" என்றேன்.

முப்பத்தொரு வருடம் பௌதிகம். பெற்ற பெண்ணின் வாயில் வருவது புரியவில்லை.

என் பெயர் என்ன? ஜெஸ்பெக். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லலாமா? சொல்ல மாட்டாள். பெயரில் இருக்கிற சொல்லையாவது சொல்வாளா? அதுவும் மாட்டாள். பானு என்ற பெயர் வீட்டில் இருந்தால் சூரியனை வேறு ஏதாவது சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வந்த முதல் வாரமே சைராவிடம், "அத்தே, அந்தச் சிவப்புக் கெண்டிய எடுக்கட்டுமா?" என்று கேட்டாள். என்னடா சிவப்புக் கெண்டி என்று வீடு முழுக்கத் தேடினோம். செம்புக் கெண்டி! அன்றிலிருந்து என் வீட்டில் செம்புக் கம்பி சிவப்புக் கம்பி, செம்பு அண்டா சிவப்பு அண்டா. இப்போது எனக்கே வாயில் அப்படித்தான் வருகிறது. போன கடிதத்தில்கூடச் சிவப்புக் கெண்டி என்றுதான் எழுதினேன் போல.

அவள் உங்களுக்கு உண்மையைத்தான் சொன்னாள். செம்பில் சுட்டேன். நீங்கள் கொடுத்த பெட்டியிலிருந்து. சம்பந்தி விருந்துக்குச் சம்பந்தி கொடுத்த தோட்டாதான் மரியாதை என்று, ஈயத்தை வீட்டில் வைத்துவிட்டு அதைத்தான் எடுத்துப்போனேன். முந்நூற்று எழுபது மீட்டர். விலாவில் பட்டது. விரியவில்லை. கிடா ஓடிவிட்டது. இரண்டரை மணி நேரம் பாறைமேல் ரத்தச் சொட்டைத் தேடிப் போனேன். கடைசியில் பார்த்தபோது எனக்கு முதுகைக் காட்டி ஏறிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து சுடுவது வேட்டைக்காரனுக்கு அழகில்லை. காயம்பட்டதை அப்படியே விட்டு வருவது அதைவிட அசிங்கம். சுட்டேன். கிட்டத்தில் உங்கள் செம்பு நன்றாகத்தான் விரிந்தது. இடுப்பை உடைத்து, உடம்பு முழுக்க ஓடி, நெஞ்சுத் தோலுக்கு அடியில் நின்றது.

பதினேழு பேர் முன்னால் உங்களிடம், "உங்க பரிசுதான் உங்க எலும்ப உடைச்சுது" என்று சொல்ல வேண்டுமா? கொடுத்த பொருளைக் குறை சொல்கிற குடும்பம் இல்லை எங்களுடையது. அதனால் வாயை மூடினேன். தோள்பட்டை எலும்பில் நல்ல கறியாகப் பார்த்து வைத்தேன். அதையும் நீங்கள் சாப்பிடவில்லை. ஆக்தோஷ் சாப்பிட்டது.

தீப்பெட்டிக்குள் அந்தக் குண்டு இருக்கிறது. நிறுத்துப் பாருங்கள்.

நேற்றும் முந்தாநாளும் பனி. ஜெர்மன்காரர் கிளம்பிவிட்டார். அவரும் செம்புதான், நாலு தோட்டா, ஒரு கிடா, கிடா இன்னும் உயிரோடு. ஷாகிர் சொல்கிறான், 22ஆம் தேதி கடைசி லோடு, அதற்குப் பிறகு வர மாட்டானாம். அவள் எட்டு மாதத்தைத் தாண்டியவள், ஆடி அலைந்து வர முடியாது. 19ஆம் தேதி ஷாகிர் லாரியில் முன்சீட்டில் மெத்தை போட்டு ஏற்றிவிடுங்கள். விளக்கம் கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன்.

ஜெஸ்பெக்


நாரின், அக்டோபர் 19

அன்புள்ள சம்பந்திக்கு,

தீப்பெட்டி வந்தது. குண்டின் எடை பதினொன்று புள்ளி ஆறு ஆறு கிராம். இரண்டு மீட்டர் விலங்கும் ஓர் இடுப்பெலும்பும் கடந்து நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எடையைக் காத்திருக்கிறது. கண்டிப்பாகப் பார்த்தால் என் கருத்து நிரூபணமாகிவிட்டது. முந்நூற்று எழுபது மீட்டரில் விரியாததைப் பொறுத்தவரை, ஊறிய செய்தித்தாளை அந்தத் தூரத்தில் நான் சோதிக்கவில்லை என்பதை நேர்மையாகக் குறிப்பிடுகிறேன்.

மகளிடம் கேட்டேன்.

"ஏம்மா இத முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். அதுக்குள்ள நீங்க கோட்டப் போட்டுட்டீங்க."

"அப்புறம் ஆறு வாரமா?"

"ஆறு வாரமா நீங்க பேசிட்டிருந்தீங்கப்பா."

"இங்க உன் மாமனார் இல்லியே. செம்புன்னு சொன்னா என்ன?"

"அப்பா!" என்று காதைப் பொத்திக்கொண்டாள். என் வீட்டில், என் கூரைக்குக் கீழே.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று என் மனைவி சொல்கிறாள். அதை நேரில் செய்வேன். அய்ஜர்கினையும் நானே அழைத்து வருகிறேன். அவள் நேற்றே மூட்டை கட்டிவிட்டாள், மூட்டையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறாள். இடையில் ஒரு சிறு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. செப்டம்பர் 11ஆம் தேதித் தீர்மானம் இன்னும் நடைமுறையில் உள்ளது. ஏகமனதாக நிறைவேறிய தீர்மானத்தை நான் ஒருவனாக மீறினால் பிறகு இந்த வீட்டில் எந்தத் தீர்மானத்துக்கும் மதிப்பிருக்காது. கூட்டம் கூட்டித்தான் ரத்து செய்ய வேண்டும். மம்பெத் உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார், 24ஆம் தேதி வருகிறார். அவர் கை தூக்கியிருந்த தீர்மானம் அது. அவரில்லாமல் முடியாது.

இதைக் கேட்டுவிட்டு ஷாகிர் என் வீட்டு வாசலில் எஞ்சினை அணைக்காமல் நின்று, "அண்ணே, தூங்கிட்டிருந்த மனுஷனுக்காகவா காத்திருக்கீங்க?" என்றான். அய்ஜர்கின் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்பா, வண்டி நிக்குது."

"கூட்டம் முடியட்டும்மா."

"உங்க கூட்டத்துக்குக் கணவாய் காத்திருக்காது."

வானிலை அறிவிப்பில் மாதக் கடைசிவரை தெளிவு என்கிறார்கள். 25ஆம் தேதி மம்பெத்தின் ஜீப்பில் புறப்படுகிறோம். ஆக்தோஷை மறுபடி குளிப்பாட்டி வையுங்கள்.

துர்தகுன்


கரா-தாலா, அக்டோபர் 21

சம்பந்தி,

ஷாகிர் நாளை இறங்குகிறான், இதைக் கொண்டுவருவான். இங்கே முழங்கால்வரை பனி. வானிலை அறிவிப்புக்காரன் இங்கே வந்து பார்த்தானா? நான் முகாமுக்கும் வீட்டுக்கும் இடையில் நடந்துகொண்டே இருக்கிறேன். எங்கே நின்றாலும் இன்னோர் இடத்தில் வேலை இருக்கிற மாதிரி இருக்கிறது. மேல்முகாமில் பதினான்கு குதிரை சிக்கியிருக்கிறது. குபாத் நேற்றே ஏறிவிட்டான், இறக்க நாலு நாள் ஆகும். இல்லாவிட்டால் ஷாகிரோடு அவனையாவது அனுப்பியிருப்பேன்.

கூட்டத்தை விடுங்கள். தீர்மானம் இருக்கட்டும், நானே அதற்குக் கட்டுப்படுகிறேன். இனி எந்தக் குண்டில் சுட்டாலும் எலும்பில் எழுதியே வைக்கிறேன். உங்களுக்கு இடுப்பெலும்பு வேண்டுமா? என் வீட்டு ஆட்டுக்கிடாயை அறுக்கிறேன், குண்டே வேண்டாம், கத்தி. இதைப் படித்ததும் எந்த வண்டி கிடைக்கிறதோ அதில் ஏற்றுங்கள். மம்பெத் ஜீப் வேண்டாம், அந்த டயரை நான் பார்த்திருக்கிறேன்.

சைரா சட்டையைத் தைத்து முடித்துவிட்டாள். சின்னதாக இருக்கிறது, என் உள்ளங்கை அளவு. நாயைப் பார்க்கிறேன், சட்டையைப் பார்க்கிறேன், சாலையைப் பார்க்கிறேன்.

ஜெஸ்பெக்


நாரின், நவம்பர் 19

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் 21ஆம் தேதிக் கடிதம் 23ஆம் தேதி காலை கிடைத்தது. கோக்-பெல் கணவாய் அதே நாள் மதியம் மூடப்பட்டது. 24ஆம் தேதி மாலை நான்கு மணிக்குக் கூட்டம் கூடித் தீர்மானத்தை ரத்து செய்தது. ஆதரவு இரண்டு. மம்பெத் நடுநிலை வகித்தார். அப்படியொரு தீர்மானம் இருந்ததே தனக்குத் தெரியாது என்றார்.

25ஆம் தேதி கணவாய்த் தடுப்புவரை போய்ப் பார்த்தோம். அங்கிருந்தவர், "ஏப்ரல்ல வாங்க" என்றார். அய்ஜர்கின் ஜீப்பிலிருந்து இறங்கவில்லை.  இப்போது என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள்.

இந்தக் கடிதத்தையும் இதற்குப் பின் எழுதப்போகிறவற்றையும் ஷாகிரிடம் கொடுத்து வைப்பேன். கணவாய் திறந்ததும் முதல் மாவு லோடோடு வரும்.

14ஆம் தேதி வியாழக்கிழமை பகல் பதினொன்று இருபதுக்கு ஆண் குழந்தை பிறந்தது. எடை மூவாயிரத்து இருநூற்றுப் பத்து கிராம். தாயும் பிள்ளையும் நலம். முதல் சட்டையை என் பழைய சட்டையிலிருந்து என் மனைவி தைத்தாள். எங்கள் வீட்டில் நாய் இல்லாததால் அதை முதலில் எதிர்வீட்டு நாய்க்குப் போட்டுக் கழற்றினோம்.

துர்தகுன்